பெயர் வெட்டிய பாத்திரங்கள்

பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கிக் கூடத்தில் பரப்பிவைத்து எண்ணினேன். 143 பாத்திரங்கள். அவற்றில் அன்றாடம் கை போவது 31. மற்றவை பழைய செய்தித்தாளுக்குள் சுருண்டு என் மகளின் கல்யாணத்துக்காகக் காத்திருந்தவை. மகளுக்கு அப்போது பதினைந்து வயது. கேட்டால் கல்யாணமே வேண்டாம் என்பாள். பாத்திரங்களிடம் யாரும் அதைச் சொல்லவில்லை.

இது நடந்தது 2023 மே மாதம், பள்ளி விடுமுறையில். நான் கோயம்புத்தூரில் ஓவிய ஆசிரியை. அந்த 143 பாத்திரங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து, அதில் வெட்டியிருக்கும் பெயரை உரக்க வாசித்து, தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. மொத்தம் 2 மணி 11 நிமிடம், இடையில் வெட்டு கிடையாது. சிங்க், இரண்டு கைகள், பாத்திரம், குரல், அவ்வளவுதான். நிகழ்த்துகலை வீடியோ என்று இந்த வகைக்குப் பெயர். என் மாமியாரின் விளக்கம் வேறு: "வீடு ஒழிப்பதைக்கூடப் படம் பிடிக்கிறாள்."

இதைப் போல ஒன்றைச் செய்துபார்க்க ஆசைப்படும் பெண்கள் சிலர் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார்கள். தவறுகளோடு சேர்த்தே எழுதுகிறேன். தவறுகள்தான் அதிகம்.

முதல் தவறு, நகலெடுக்கப் பார்த்தது. அமெரிக்கக் கலைஞர் மார்த்தா ராஸ்லர் 1975-இல் எடுத்த 'சமையலறையின் குறியியல்' என்ற கறுப்பு வெள்ளை வீடியோவைப் பார்த்ததிலிருந்து அது என்னை விடவில்லை. ஆறு நிமிடம்தான் இருக்கும். அசையாத கேமரா முன்னால் சமையல் மேசைக்குப் பின்னே நிற்கிறார். ஏப்ரனில் தொடங்கி ஆங்கில அகரவரிசைப்படி ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பெயர் சொல்லி, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டுகிறார். முகத்தில் சிரிப்பு கிடையாது. கத்தி காற்றைக் குத்துகிறது. கரண்டியில் இல்லாத குழம்பை அள்ளித் தோளுக்குப் பின்னால் வீசுகிறார். கடைசி எழுத்துகள் வரும்போது சாமான்கள் தீர்ந்து, கத்தியும் முள்கரண்டியும் ஏந்திய அவருடைய கைகளே எழுத்துகளாக வளைகின்றன. எல்லாம் முடிந்ததும் தோளைக் குலுக்கிக்கொள்கிறார். அந்தக் குலுக்கல்தான் என்னை என்னவோ செய்தது. இவ்வளவு கோபத்தையும் காட்டிவிட்டு, "சும்மா சொன்னேன்" என்பதுபோல ஒரு குலுக்கல். இது எனக்கு அத்துபடி. எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் அத்துபடி.

1960களின் இறுதியில் சோனியின் போர்ட்டாபேக் வந்தது. ஒரே ஆள் தூக்கிக்கொண்டு போகக்கூடிய வீடியோ கருவி அது. ஸ்டூடியோவும் ஆட்படையும் இல்லாமல், இருக்கிற இடத்திலேயே தன்னைத் தானே எடுக்க முடிந்ததால்தான் அன்றைய பெண் கலைஞர்கள் பலர் வீடியோவைப் பிடித்துக்கொண்டார்கள். என் கையிலோ அதைவிடப் பல மடங்கு நல்ல கேமரா உள்ள போன் இருந்தது. தமிழ் அகரவரிசையில் செய்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அ-வுக்கு அம்மி. ஆ-வுக்கு ஆட்டுக்கல். இ-க்கு இடுக்கி. ஈ-க்கு ஈயச்சொம்பு. உ-வுக்கு உருளி. ஊ-வுக்கு ஊதுகுழல். எ-வுக்கு எண்ணெய்க் கரண்டி. ஏ-வுக்கு ஏனம். ஐ வந்ததும் நின்றுவிட்டேன். ஐந்தடுக்குச் சம்புடம் என்று ஏமாற்றலாமா என யோசித்தேன். ஆய்த எழுத்துக்கு மட்டும் ஃபுட் பிராசசர் கைகொடுத்தது.

எழுதியதைப் படித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: இந்தப் பட்டியலில் பாதி என் வீட்டில் இல்லை. அம்மி இல்லை, ஆட்டுக்கல் இல்லை, ஊதுகுழலை என் மகள் பார்த்ததே இல்லை. இதை எடுத்திருந்தால் நான் என் பாட்டியாக வேடம் கட்டியிருப்பேன். ராஸ்லர் கேலி செய்தது தன் காலத்துத் தொலைக்காட்சிச் சமையல் நிகழ்ச்சிகளை, அவற்றின் மாறாத புன்னகையை. என் சண்டை யாரோடு என்று எனக்கே தெரியாமல் அவருடைய கோபத்தை வாடகைக்கு எடுக்கப் போயிருந்தேன். பிடித்த படைப்பின் வடிவத்தை எடுத்துக்கொள்வதற்கு முன், அது எதை எதிர்த்து நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும். அது உங்கள் வீட்டில் இல்லையென்றால் அந்த வடிவமும் உங்களுக்கு வேலைக்கு ஆகாது.

ஆனாலும் அந்தப் பட்டியல் ஒரு நல்ல காரியம் செய்தது. உ-வுக்காக உருளியை இறக்கினேன். பித்தளை விளிம்பில் புள்ளி புள்ளியாக உளியால் கொத்திய எழுத்தில் பெரியப்பாவின் பெயர். பக்கத்திலிருந்த எவர்சில்வர் அண்டாவில் தாய்மாமன் பெயர், 25.8.2002 என்று என் கல்யாணத் தேதி. இது மின்சாரப் பேனாவால் கிறுக்கியது, எழுத்து நடுங்கும். தூக்குப்போசியில் அப்பா அலுவலக ஊழியர்கள். அன்னக்கூடையில் சித்தப்பா. இருபத்தொரு வருடமாக விரலில் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்த எழுத்துகள். வாசித்ததே இல்லை.

அன்று மாலையே எல்லாவற்றையும் இறக்கிக் கணக்கெடுத்தேன். 97 பாத்திரங்களில் ஆண்களின் பெயர். 14 பாத்திரங்களில் என் பெயர், அவற்றிலும் சிலவற்றில் எழுத்துப் பிழை. 20 பாத்திரங்களில் மனிதர் பெயரே இல்லை, கம்பெனி பெயர் மட்டும். 11 மொட்டை. ஒரே ஒரு பித்தளைச் சம்புடத்தில் என் அம்மாவின் பெயர். மாதம் இருபது ரூபாய் என்று பாத்திரச் சீட்டு கட்டி அவர் தன் காசில் எடுத்தது அது ஒன்றுதான். வாங்கியவர்களின் பெயரெல்லாம் இருக்கிறது. கழுவியதற்காக வெட்டிய பெயர் எதிலும் இல்லை. என் சண்டை எது என்று அப்போது தெரிந்தது.

அந்த 20 கம்பெனிப் பாத்திரங்களை ஏற்கெனவே யோசித்திருந்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அவற்றை விட்டுவிடத்தான் இருந்தேன். குக்கர், மிக்சி ஜாடிகள், நான்ஸ்டிக் தவா, பிளாஸ்டிக் டப்பாக்கள் எல்லாம் நாங்களே கடையிலும் தவணையிலும் ஆடித் தள்ளுபடியிலும் வாங்கியவை. பெயர் வெட்டாதவற்றை எதற்கு வாசிப்பது? மகள்தான், "இதிலும்தான் பெயர் இருக்கிறதே அம்மா" என்று குக்கர் மூடியைத் திருப்பிக் காட்டினாள். சரிதான். கல்யாணச் சீருக்கு மாமா பெயர், மாதத் தவணைக்குக் கம்பெனி பெயர். அம்மா வீட்டுக்கு 2011-க்குப் பிறகு வந்த இலவசக் கிரைண்டரில் அன்றைய முதலமைச்சரின் படமே ஒட்டியிருந்தது. சமையலறையில் தன் பெயரை விட்டுச்செல்ல யாருக்குத்தான் ஆசையில்லை! ஆகவே மாமன் பெயரை வாசித்த அதே குரலில், அதே மரியாதையோடு, பிரெஸ்டீஜ் என்றும் பிரீத்தி என்றும் வாசித்தேன். பார்த்தவர்கள் அதிகம் சிரித்தது அந்த இடத்தில்தான்.

கிரைண்டர் என்றதும் ஒன்று சொல்லிக்கொள்கிறேன். மின்சார மாவு கிரைண்டர் எங்கள் ஊர்ச் சரக்கு, 1955-இல் சபாபதி என்பவர் உருவாக்கியது. ஆட்டுக்கல்லில் குனிந்து அரைத்த முதுகுகளை அது நிமிர்த்தியது உண்மை. ஆனால் பாட்டி காலத்தில் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் மட்டும் ஆட்டிய மாவு இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை ஆடுகிறது. அம்மியில் ஒரு சட்னி. மிக்சி வந்ததும் மூன்று சட்னி, மூன்று ஜாடி கழுவ வேண்டும். மிச்சமான நேரத்தை எந்தக் கம்பெனியும் என் கையில் கொடுக்கவில்லை, அடுத்த சாமானைக் கொடுத்தது.

இனி எடுத்த கதை. முதல் முறை எடுத்தது குப்பை. தொழில்நுட்பம் கெட்டதால் அல்ல, நான் நடித்ததால். பத்துப் பாத்திரம் ஆனதும் பெருமூச்சு விட்டிருக்கிறேன், முழங்கையால் நெற்றியைத் துடைத்திருக்கிறேன். போட்டுப் பார்த்தால் தொலைக்காட்சித் தொடரின் நல்ல மருமகள். யாராவது பின்னணியில் வீணை வாசித்தால் போதும். அன்று கற்றுக்கொண்டது: கேமரா முன்னால் உணர்ச்சியைத் திட்டமிடக் கூடாது, வேலையைத் திட்டமிட வேண்டும். எத்தனை பாத்திரம், எந்த வரிசை, வாசித்த பிறகு கழுவுவதா கழுவிய பிறகு வாசிப்பதா, தவறாக வாசித்தால் திரும்ப வாசிப்பதா. இந்த விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். விதி இறுக்கமாக இருந்தால் களைப்பு தானாக வரும். தானாக வந்த களைப்பை நடிக்க வேண்டியதில்லை. நூறாவது பாத்திரத்துக்கு மேல் என் குரல் எப்படிக் கம்மியிருக்கிறது என்று எனக்கே பிறகுதான் தெரிந்தது.

இரண்டாம் முறை நாற்பதாவது நிமிடத்தில் தண்ணீர் நின்றது. எங்கள் பகுதியில் சிறுவாணிக் குடிநீர் வருவதற்கு முறை உண்டு, அதைச் சிங்கில் கொட்டிக் கலை செய்தால் சாமி கண்ணைக் குத்தும். ஆகவே ஆழ்குழாய் உப்புத் தண்ணீரில்தான் எடுத்தேன். மேல்தொட்டியை நிரப்ப மறந்திருந்தேன். மூன்றாம் முறை தொட்டி நிறைய ஏற்றி, குழாயைத் திறந்துவிடாமல் இரண்டு வாளியில் பிடித்துவைத்து, அலசிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றினேன். உப்புத் தண்ணீர் காய்ந்ததும் எவர்சில்வரில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படியும். அதைப் பிற்பாடு துணியால் துடைத்தது தனி வேலை. அந்த வேலை வீடியோவில் இல்லை. எப்போதும் ஏதாவது ஒரு வேலை வீடியோவுக்கு வெளியே இருக்கும்.

கேமரா விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போனைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைக்காதீர்கள், மோட்டார் ஓடும்போதெல்லாம் படம் நடுங்கும். நான் பரண் பலகையில் மரக்கட்டை கட்டி, அதில் போனை மாட்டினேன். அழைப்பு வந்தால் பதிவு நின்றுவிடலாம் என்பதால் விமானப் பயன்முறை. என் போனில் மணிக்கு ஏறத்தாழ 7 ஜிபி ஆனது. எடுப்பதற்கு முன் 20 ஜிபி காலியாக வைத்துக்கொண்டேன். மே மாதம், சமையலறை, மின்விசிறி கிடையாது என்றால் போன் சூடாகித் தானே அணைந்துவிடும், எனக்கு ஒருமுறை அணைந்தது. அதிகாலை நான்கரைக்கு எடுத்ததற்கு அது ஒரு காரணம். பக்கத்து வீட்டுப் பக்திப் பாடல் தொடங்குவதற்குள் முடித்துவிடலாம் என்பது இன்னொன்று. வெளிச்ச அளவைக் கட்டாயம் பூட்டிவையுங்கள். இல்லையென்றால் எவர்சில்வர் மின்னும்போதெல்லாம் படம் இருண்டு வெளுக்கும். குழல் விளக்கிலோ எல்இடியிலோ படத்தில் பட்டை பட்டையாக ஓடினால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 ஆக்குங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதோடு ஒத்துப்போகும்.

ஒலிக்கு இரண்டாவது போன். சிங்குக்குப் பக்கத்து அலமாரியில், ஒரு மெல்லிய பருத்தித் துணிக்குள். தொடக்கத்தில் தட்டில் கரண்டியால் ஒரு தட்டு தட்டினால் போதும், இரண்டு பதிவையும் ஒன்று சேர்க்க அது அடையாளம். படத்தைவிட ஒலிக்கு அதிகம் மெனக்கெடுங்கள். கம்பி நார் அடியில் உராயும் சத்தம், பித்தளை கவிழும்போது வரும் கனம், எவர்சில்வரின் கீச்சு எல்லாம் கேட்டவர்களுக்கு முதுகில் ஏறியது.

முகம் தெரியக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். அது நடக்கவில்லை. தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு பாத்திரத்தின் வயிற்றிலும் நான் தெரிந்தேன். அண்டாவில் குட்டையாக, டம்ளரில் நீளமாக, கரண்டிக் குழியில் தலைகீழாக. வெட்டிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்து, விட்டுவிட்டேன்.

இந்தக் கதையில் எனக்குச் சங்கடமான பகுதி ஒன்று உண்டு. எங்கள் வீட்டில் காலைப் பாத்திரங்களைக் கழுவுவது நானில்லை. எட்டு வருடமாக ஓர் அக்கா வருகிறார். எடுக்கும் நாட்களில், "வர வேண்டாம் அக்கா, சம்பளத்தில் பிடிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார். சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் கழுவினால் படம் ஆகாதா டீச்சர்?" என்றார்.

பதில் இல்லை. இன்றும் முழுமையாக இல்லை. ஹார்ட்ஃபர்டு நகரத்தின் வாட்ஸ்வொர்த் அதீனியம் அருங்காட்சியகத்தில் 1973-இல் மியர்லி லேடர்மன் யூகிலிஸ் மண்டியிட்டுப் படிக்கட்டுகளையும் தரையையும் மணிக்கணக்கில் கழுவினார். பராமரிப்பும் கலைதான் என்று 1969-இலேயே அறிக்கை எழுதியவர். அதை நான் வகுப்பில் மாணவிகளுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கலைஞர் கழுவினால் கலை, அந்தக் கட்டடத்தைத் தினமும் கழுவுபவர் கழுவினால்? யூகிலிஸ் அதோடு நிற்கவில்லை. 1979-80-இல் நியூயார்க் துப்புரவுப் பணியாளர்கள் 8,500 பேரை நேரில் சந்தித்து ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து நன்றி சொன்னார். பிரேசில் கலைஞர் லெட்டீசியா பரென்ட்டி 1982-இல் எடுத்த சிறு வீடியோ இன்னும் கூரானது. உடுத்திய துணியோடு அவர் இஸ்திரி மேசையில் படுத்துக்கொள்ள, இன்னொரு பெண், கறுப்பினப் பெண், அவர்மேல் இஸ்திரி போடுகிறார். படுத்திருப்பவர் யார், பெட்டியைப் பிடித்திருப்பவர் யார் என்பதை மறைக்காத வீடியோ. நானோ மறைத்துவிட்டிருந்தேன்.

செய்த பரிகாரம் சிறிது. வீடியோவின் முடிவில் கறுப்புத் திரையில், "இந்த வீட்டில் எட்டு ஆண்டுகளாகப் பாத்திரம் கழுவுபவர் இவர்" என்று அக்காவின் குரலை, அவர் சம்மதத்தோடு, அவரே தன் பெயரைச் சொல்லும்படி சேர்த்தேன். அதற்குப் பணம் கொடுத்தேன். பெயர் சொல்வதற்கு எதற்குக் காசு என்று முதலில் வாங்க மறுத்தார். குரலுக்கு, நேரத்துக்கு என்று விளக்கியதும், "அப்படியென்றால் கழுவுவதற்கும் கொஞ்சம் ஏற்றிக்கொடுங்கள்" என்றார். ஏற்றினேன். வீட்டு வேலையைப் பற்றிப் படைப்பு செய்பவர்கள் தங்கள் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்பதை முதல் நாளே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் கடைசி நாள் எழுதினேன்.

காட்டியது டிசம்பரில், நண்பர்கள் சேர்ந்து ஒரு பழைய கிடங்கில் இரண்டு நாள் நடத்திய கண்காட்சியில். ஒழுங்கு செய்தவர் அன்பாகத்தான் கேட்டார்: ஏழு நிமிடமாகக் குறைத்துத் தர முடியுமா, பார்க்கிறவர்களுக்குப் பொறுமை இருக்காது. ஒன்றிய அரசின் 2024 காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு அப்போது வந்திருந்தால் கையோடு கொண்டுபோயிருப்பேன். சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது சராசரி 289 நிமிடம், ஆண்கள் 88. என் வீடியோ 131 நிமிடம், ஒரு பெண்ணின் ஒரு நாள் வீட்டு வேலையில் பாதிகூட இல்லை. கணக்கு இல்லாமலே வாதாடினேன். குறைக்கவில்லை. மாறாக, எப்போது வந்தாலும் எங்கிருந்து வேண்டுமானாலும் பார்க்கலாம் என்று சுற்றுச்சுற்றாக ஓடவிட்டோம்.

பெரிய திரை வேண்டாம் என்று அம்மா வீட்டிலிருந்து 14 அங்குல அரசு இலவசத் தொலைக்காட்சியைத் தூக்கிவந்தேன். பழைய பெட்டியில் எச்டிஎம்ஐ கிடையாது. சில நூறு ரூபாய்க்கு ஏவி மாற்றி வாங்கி, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர்களைச் செருகினேன். படம் சற்று மங்கல்தான், ஓரங்கள் வெட்டுப்பட்டன. ஆனால் சமையலறைச் சத்தத்தோடு அந்தப் பெட்டி நன்றாகப் பொருந்தியது. முன்னால் இரண்டு பிளாஸ்டிக் முக்காலி, முதுகுச் சாய்வு இல்லாமல்.

பெரும்பாலானோர் இரண்டு மூன்று நிமிடம் நின்றார்கள். ஓர் ஐயா வெகுநேரம் பார்த்துவிட்டு, "கடைசியில் என்ன ஆகும்?" என்று கேட்டார். "காயும்" என்றேன். ஒரு பெண் மறுநாளும் வந்தார், கைப்பையில் ஒரு டம்ளரோடு. ஏதோ விசேஷ வீட்டில் மாறிவந்தது. அதில் வெட்டியிருக்கும் பெயர் யாருடையது என்றே தெரியாமல் பதினேழு வருடமாகக் கழுவிக்கொண்டிருக்கிறாராம். என் கணவர் நாற்பது நிமிடம் உட்கார்ந்தார். எழுந்தபோது அவர் சொன்னது, "என் பெயர் ஒன்றில்கூட இல்லையே." அதை அவர் குறையாகச் சொன்னாரா, நிம்மதியாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

அம்மா முழுவதும் பார்த்தார். முக்காலியிலிருந்து அசையவில்லை. அவருடைய சம்புடம் நூற்றுப் பன்னிரண்டாவது. பெயரை வாசித்து நான் கழுவும்போது லேசாக முன்னால் குனிந்தார். முடிந்ததும் நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"பித்தளைக்குப் புளி போட்டிருக்க வேண்டாமா கண்ணு? அடியெல்லாம் அப்படியே கறுப்பாக இருக்கிறது."

அடுத்த தீபாவளிக்கு அம்மா வரும்போது கையில் ஒரு புதுத் தூக்குப்போசி. மாதாமாதம் வரும் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகையிலிருந்து மறுபடியும் பாத்திரச் சீட்டு கட்டியிருக்கிறார். கடையில் பெயர் வெட்டியும் வாங்கிவந்திருந்தார். மூடியைத் திருப்பிப் பார்த்தேன். என் மகளின் பெயர், எழுத்துப் பிழையில்லாமல்.

இப்போது 144.